நாஞ்சில் நாட்டில் ஏர் வாடகை: எருமைக்கடா முதல் அறுப்பு மிஷின் வரை



போன பதிவில் நம்ம ஊர்க் குளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது மஸ்கட்டில் இருக்கும் ஒரு பிள்ளை கேட்டது இது: "டீச்சர், அப்பா போனபிறகு வயல் 35 சென்ட் என் பேருக்கு வந்திருக்கு. வீட்டில் மாடு இல்லை, ஏர் இல்லை, ஒரு மண்வெட்டி கூட இல்லை. இதை வச்சு என்ன செய்யட்டும்? பிளாட் போட ஆள் கேட்கிறாங்க." பதிலாக நாலு வரி எழுத உட்கார்ந்தேன். அது நாலு பக்கமாக நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் மாதிரி நடுவில் தூங்கினால் சாக்பீஸ் எறிய வழியில்லை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். நாஞ்சில் என்றால் கலப்பை. புறநானூற்றில் நாஞ்சில் வள்ளுவன் என்ற தலைவனைப் பாடியிருக்கிறார்கள்; ஆகவே பெயர் பழையதுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைத்தான் நாஞ்சில் நாடு என்போம். ஆனால் கலப்பையைப் பெயரில் வைத்திருக்கும் நாட்டில் எல்லார் வீட்டிலும் ஏர் இருந்ததா என்றால், இல்லை. என் சிறுவயதில் எங்கள் தெருவில் இருபதுக்கு மேல் வீடுகள். வயல் இல்லாத வீடு ஏழெட்டுதான். ஆனால் சொந்தமாக ஒரு ஜோடி மாடும் ஏரும் வைத்திருந்த வீடு நான்கே நான்கு.

காரணம் லேசானது. கலப்பை செய்வது பெரிய செலவல்ல. அதை இழுக்கிற உயிருக்குத் தீனி போடுவதுதான் செலவு. உழவு இருப்பது ஆண்டில் இரண்டு தடவை, கன்னிப்பூவுக்கு ஒன்று, கும்பப்பூவுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தாலும் சில வாரங்கள்தான் வரும். மிச்ச நாளெல்லாம் ஒரு ஜோடி மாட்டுக்கோ கடாவுக்கோ வைக்கோல், பிண்ணாக்கு, தொழுவம், பார்க்க ஆள் எல்லாம் வேண்டும். அந்தக் காலத்தில் வயலைச் சென்ட் கணக்கில் சொல்லமாட்டார்கள். இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்பார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. கோட்டைக் கணக்கில் வயல் உள்ளவர் ஏர் வைத்திருந்தார். மரக்கால் கணக்கில் உள்ளவர் அவரிடம் போய் நின்றார்.

எங்கள் அப்பாவிடம் ஒரே ஒரு காளை இருந்தது. வடக்குத் தெரு மாமாவிடம் இன்னொன்று. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் ஒரு ஏர். முதல் நாள் அவர் வயல், மறுநாள் எங்கள் வயல். இரண்டு காளைக்கும் உயரம் ஒத்துவராது. நுகம் ஒரு பக்கம் சாய்ந்தே போகும். அப்பா அதற்காகவே ஒரு சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டுவார். மாடே இல்லாதவர்கள் பெரிய வீட்டு ஏரை ஒரு நாளைக்கு வாங்கிவிட்டு, பணமாக அல்ல, ஆளாகத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு நாள் தொளி உழவுக்கு ஈடாக அந்த வீட்டுப் பெண்கள் நடவுக்கு இறங்க வேண்டும். சூடடிக்கவும் அப்படித்தான். நான்கைந்து வீட்டு மாடுகளைக் கயிற்றில் பிணைத்துக் களத்தில் சுற்றவிடுவார்கள். கலப்பையைச் செதுக்கித் தந்த ஆசாரிக்கும் கொழு அடித்துத் தந்த கொல்லருக்கும் அறுப்புக்கு அறுப்பு நெல் அளந்தார்கள்.

இதைப் படித்ததும் சிலருக்கு 'அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்' என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஏர் யார் வயலில் முதலில் இறங்கும் என்பதை யார் தீர்மானித்தார்? ஏர் வைத்திருந்தவர்தான். மழையும் வாய்க்கால் தண்ணீரும் ஒத்து வந்த நல்ல நாளெல்லாம் அவர் வயலுக்குப் போய்விடும். தண்ணீர் வடிந்து மண் இறுகிய பிறகுதான் நம் முறை வரும். அவர் வயலில் உழுது, நட்டு, அறுத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு மரக்கால் விதைப்பாடும் கிடையாது. அவர்களுக்கு முறை என்ற பேச்சே இல்லை. சாதிக் கணக்கும் அதற்குள் இருந்தது. நான் சொல்வது உங்களில் பலருக்கு உங்கள் பாட்டி வாயாலேயே தெரிந்திருக்கும்.

பொதுச் சொத்தை வாடகைக்கு விடும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. பல ஊர்களில் ஊர்வகைக்குச் சொந்தமாக வார்ப்பு, நிலவாய், அண்டா என்று பாத்திரங்கள் இருந்தன. கல்யாணம், அடியந்திரம் என்றால் போய் எடுத்துவந்து, வாடகை கட்டி, தேய்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் ஈயம் பூசும் செலவு யாருடையது என்பது வரைக்கும் நோட்டில் எழுதியிருக்கும். பாத்திரத்துக்கு இருந்த அந்த ஏற்பாடு ஏருக்கு ஏன் வரவில்லை என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கல்யாணம் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் வராது. உழவு எல்லா வயலிலும் ஒரே வாரத்தில் வரும். எனக்குத் தெரிந்து இந்த ஒன்றுதான் காரணம். இன்றைய மிஷின் வாடகையின் தொல்லையும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

இனி வயல் எப்படிச் சிறுத்தது என்பதைப் பார்ப்போம். திருவிதாங்கூரில் 1865-ல் பண்டாரப் பாட்ட விளம்பரம் என்ற உத்தரவு வந்தது. அதன்படி சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்குப் பயிரிட்டவர்களுக்கு அது சொந்தமானது. விற்கலாம், எழுதி வைக்கலாம் என்றும் ஆனது. அதே காலத்தில் இங்கே வேளாளரிடையே மருமக்கள் வழி இருந்தது. மகனுக்கல்ல, சகோதரி மகனுக்கே சொத்து. அதன் அவலத்தைத்தான் தேரூர்க்காரரான கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாட்டாக எழுதினார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தைப் பங்கு வைக்க வழி பிறந்தது. மனைவி மக்கள் தெருவில் நிற்கும் அநியாயம் ஒழிந்தது. ஒரு பெண்ணாக அந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதோடு பெரிய பெரிய காரணவர் வீட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்தன என்பதும் உண்மை. மற்ற சமூகங்களில் ஏற்கெனவே மக்கள் வழிப் பங்கு நடந்துகொண்டிருந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பிறகு 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970-ல் 15 ஆனது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலம் இந்தியாவில் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். நம்ம மாவட்டம் அதைவிட எவ்வளவோ கீழே. 35 சென்ட் வைத்திருப்பவர் இங்கே ஏழை விவசாயி அல்ல, சாதாரண விவசாயி.

நிலத்தைப் பங்கு வைத்தார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பங்கு வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. பேச்சிப்பாறை அணையை 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள், மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினியரின் பொறுப்பில். அவர் கல்லறை இன்றும் அணைப் பக்கத்தில் இருக்கிறது. உங்களை டூர் கூட்டிப் போனபோது காட்டியிருக்கிறேன். நீங்கள் அப்போது பூங்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அணை திறந்தால் ஒரு பத்து முழுவதற்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் வரும். அப்படியானால் உழவும் ஒரே நேரத்தில், அறுப்பும் ஒரே நேரத்தில்.

1960-களில் ஐ.ஆர். 8 மாதிரி குட்டை ரக நெல் வந்தது. அதற்கு மருந்தடிக்கும் பம்பு வேண்டும். எங்கள் ஊரில் அது ஒருவரிடம்தான் இருந்தது. மணிக்கணக்கு பேசி எடுப்பார்கள். அடுத்து ஆயில் எஞ்சின், அதுவும் மணிக்கணக்குதான். 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு வேலையில்லாத பொறியியல் படிப்பாளிகளைக் கொண்டு விவசாய சேவை மையங்கள் தொடங்கியது. டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட வேண்டும், ரிப்பேரும் பார்க்க வேண்டும் என்பது திட்டம். 1973-ல் கேரளத்தில் அத்தாணியில் காம்கோ தொடங்கி பவர் டில்லர் செய்தது. சின்ன வயலுக்கும் வளைந்த வரப்புக்கும் பவர் டில்லர் தோதான வண்டி. ஆனால் அதன் பின்னால் தொளியில் நடந்தவர்களைக் கேளுங்கள், ராத்திரி கை நடுங்கித் தூக்கம் வராது என்பார்கள். பிறகு இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர், அப்புறம் ரொட்டவேட்டர். தொழுவங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எங்கள் தெருவின் கடைசி உழவு மாட்டை விற்றபோது எனக்குப் பணிமூப்பு ஏழெட்டு ஆண்டுகள்.

வெளியுலகில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்றும் கொஞ்சம் பார்ப்போம். சோவியத் நாட்டில் 1920-களின் கடைசியில் எந்திர டிராக்டர் நிலையங்கள் தொடங்கினார்கள். டிராக்டர் அரசாங்கத்துடையது, கூட்டுப் பண்ணைகள் வாடகையைப் பெரும்பாலும் தானியமாக அளந்தன. 1958-ல் குருஷ்சேவ் அதைக் கலைத்து, டிராக்டர்களைப் பண்ணைகளுக்கே விற்றார். பிரான்சில் 1945-க்குப் பிறகு விவசாயிகள் சேர்ந்து பணம் போட்டு எந்திரம் வாங்கும் கூட்டுறவுகள் வளர்ந்தன. மூன்றாவது வழி ஜெர்மனியில். சோவியத்தில் கலைத்த அதே 1958-ல், பவேரியாவில் புக்ஹோஃபன் என்ற கிராமத்தில் எரிக் கெயர்ஸ்பெர்கர் என்பவர் 'எந்திர வளையம்' ஒன்றைத் தொடங்கினார். இதில் எந்திரம் பொதுச் சொத்து அல்ல. அவரவர் வண்டி அவரவருக்கே. யாரிடம் என்ன சும்மா நிற்கிறது, யாருக்கு என்றைக்கு வேண்டும் என்று கேட்டு, இணைத்து, கணக்கெழுத ஒரு ஆள், அவருக்குச் சம்பளம். அவ்வளவுதான். இன்று ஜெர்மனி முழுக்க இது இருக்கிறது.

இந்த மூன்று வழியும் இப்போது நம்மிடமும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

அரசு வழி: வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், புல்டோசர், அறுவடை எந்திரம் எல்லாம் மணி வாடகைக்குத் தருகிறது. டிராக்டருக்கு அறிவித்திருப்பது மணிக்கு 500 ரூபாய். வெளியே நான் கொடுத்தது 1,200. 2018-ல் வந்த உழவன் செயலி, அதன்பின் வந்த இ-வாடகை செயலி ஆகியவற்றில் பதியலாம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும் என்பதால் முன்கூட்டிப் பதிந்தவருக்கே கிடைக்கும். 2020 ஊரடங்கில் டாஃபே நிறுவனம் தமிழ்நாட்டுச் சிறு விவசாயிகளுக்கு ஏப்ரலிலிருந்து மூன்று மாதம் டிராக்டர் வாடகையே வாங்காமல் உழுது கொடுத்ததும் இந்த உழவன் செயலி வழியாகத்தான்.

கூட்டு வழி: தமிழக அரசு 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது. 20 சிறு, குறு விவசாயிகள் ஒரு குழு. ஐந்து குழு சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு. அதற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. அந்தப் பணத்தில் பெரும்பாலும் எந்திரம்தான் வாங்கினார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு குழுக்களைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஒன்றில் உறுப்பினர் யார் வேண்டுமானாலும் பவர் டில்லரை ஓட்டிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். இரண்டாவது பூவில் கத்தி தேய்ந்தது. 'நான் எடுக்கும்போதே தேய்ந்திருந்தது' என்று எல்லாரும் சொன்னார்கள். வண்டி இன்று ஒரு சாய்ப்பில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது, மேலே கோழி அடைகிறது. இன்னொரு குழு ஒரே ஒரு டிரைவரை மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வைத்தது. ஒவ்வொரு மணி வாடகையிலும் 50 ரூபாய் ரிப்பேருக்கென்று தனியே எடுத்துவைத்தார்கள். அது ஓடுகிறது. திட்டம் ஒன்றுதான், நோட்டுதான் வேறு.

மூன்றாவது, தனியார் வண்டி. கும்பப்பூ அறுப்புக்கு வரும் செயின் மிஷின்களில் பலவும் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருபவை. அவர்கள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் டீசல் போட்டு வந்து, ஆளுக்குச் சாப்பாடு போட்டு, 35 சென்டை அறுக்க அரை மணி, வண்டியை இறக்கி ஏற்ற ஒரு மணி என்றால் கட்டுமா? அதனால் பத்துப் பன்னிரண்டு ஏக்கரைச் சேர்த்துக் கொடுக்க ஒரு புரோக்கர் வருகிறார். நாம் அவரைத் திட்டுகிறோம். ஆனால் புக்ஹோஃபனில் சம்பளத்துக்கு வைத்த ஆள் செய்த வேலையைத்தான் இவரும் செய்கிறார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார், கணக்கைக் காட்டுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

நம் வயல்களில் இன்னொரு சிக்கல் வழி. ரோட்டை ஒட்டிய வயல் அறுத்தால்தான் மிஷின் அடுத்ததற்குள் போகமுடியும். ரோட்டு வயல்காரர் பத்து நாள் பிந்தி நட்டிருந்தால் உள்வயல்காரர் நெல் முற்றி உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இடையில் ஒருவர் பிளாட்டுக்குக் கொடுத்து செம்மண் அடித்துவிட்டால் தண்ணீரும் போகாது, மிஷினும் போகாது. மஸ்கட் பிள்ளைக்கு இங்கேதான் என் பதில். நீ விற்பது 35 சென்ட். முடங்கப்போவது உனக்கு உள்ளே கிடக்கிற நாலைந்து பேரின் வயல். மாவட்டத்தில் நெல் இப்போது 6,500 ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. அது இப்படித்தான் வந்தது. மாடு இல்லை, மண்வெட்டி இல்லை என்பது விற்கக் காரணமல்ல. நம்மில் பாதிப் பேருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

மிஷின் யாருக்கு நஷ்டம் என்பதையும் மறைக்க வேண்டாம். நான் வேலையில் சேர்ந்த புதிதில் மாசி மாதம் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பாதிப் பெயருக்கு நேரே 'ஆ' தான் இருக்கும். பிள்ளைகள் அறுப்புக் களத்தில் கதிர் பொறுக்கப் போயிருப்பார்கள். செயின் மிஷின் வந்தபிறகு வகுப்பு நிறைந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே பிள்ளைகளின் அம்மாமார் அறுப்புக்குக் கிடைத்த நெல்லை இழந்தார்கள். வருஷத்தில் சில மாதச் சோற்றுக்கு அது காணும். பிற்பாடு நூறு நாள் வேலை வந்தது. கொஞ்சம் ஈடானது, முழுக்க அல்ல. மாட்டுக்கு வைக்கோலும் முன்போல் முழுசாகக் கிடைப்பதில்லை. மிஷின் நசுக்கிப் போட்டதைக் கட்ட இன்னொரு மிஷினுக்கு வாடகை.

மேற்கே இருக்கும் உறவினர்கள் 'எங்களை விட்டுவிட்டாயே' என்பீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் எல்லார் வீட்டிலும் கிடையாதே. ரோலர் உள்ள வீட்டில் காலையில் பாலை உறைய வைத்த தட்டோடு வரிசை நிற்கும்; ஷீட்டுக்கு இவ்வளவு என்று வாடகை. 1986 முதல் ரப்பர் வாரியம் உற்பத்தியாளர் சங்கங்களை ஊக்குவித்தது. அதில் பொதுவாகப் பால் சேர்த்து ஷீட் அடிக்கும் இடங்களும் உண்டு. உங்கள் பக்கம் இது நன்றாகவே நடந்தது. ரப்பர் பால் தினமும் வரும், ஒரே வாரத்தில் வராது என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் பத்தில் போன கும்பப்பூவுக்கு என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். 14 பேர், மொத்தம் 6 ஏக்கர் 20 சென்ட். எல்லாரும் அம்பை 16 தான் போடுவது, ஐந்து நாளுக்குள் நட்டு முடிப்பது என்று பேசினோம். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் அண்ணன் ஒருவர் கணக்கெழுத ஒப்புக்கொண்டார். ஏக்கருக்கு 100 ரூபாய் அவருக்கு. முதல் உழவுக்கு அரசு டிராக்டரை முன்பே பதிந்தோம். அறுப்புக்கு புரோக்கர் இல்லாமல் மிஷின்காரரிடம் நேரே பேசி மணிக்கு 2,600-க்கு முடித்தோம். மீட்டர் எப்போது ஓடத் தொடங்கும் என்று ஒரு சண்டை வந்தது. வயலுக்குள் இறங்கிய நேரம் என்று எழுதினோம். சாய்ந்த நெல்லை அறுக்கக் கூடுதல் நேரம் ஆனது. அந்தக் கூடுதல் நிமிடம் அந்த வயல்காரர் பொறுப்பு என்றதில் ஒருவருக்கு இன்னும் வருத்தம், என்னோடு பேசுவதில்லை. 14-ல் இருவர் பிந்தி நட்டார்கள்; அவர்கள் வயலை ஆள் வைத்து அறுத்து வழி விட்டோம், கூலியை எல்லாரும் பிரித்துக்கொண்டோம்.

கன்னிப்பூவுக்கு இந்தத் தடவை ஜூனில் அணை திறக்கும் முன்பே பதிய வேண்டும். எங்கள் பத்திலும் அதற்குக் கீழ்ப் பத்திலும் வயல் தரிசாகக் கிடக்கும் உறவினர்கள், சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்தாலும், சர்வே நம்பரையும் யார் பொறுப்பில் விடுகிறீர்கள் என்பதையும் மே 15-க்குள் எனக்கு அனுப்புங்கள். முன்பணம் சென்டுக்கு 20 ரூபாய். நோட்டு கண்டக்டர் அண்ணன் கையில்தான் இருக்கும், என்னிடம் பணம் அனுப்ப வேண்டாம்.